கும்பகோணம் – தரங்கம்பாடி ஒருநாள் வேன் சுற்றுலா: காசுக்குத் தகுமா?

காலை ஆறரைக்கு மகாமகக் குளத்தருகே ஏறினால், இரவு எட்டுக்குள் அதே இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு இருக்கை ஏசி டெம்போ டிராவலர், ஒரு வழிகாட்டி, மதியச் சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,400 ரூபாய். நவக்கிரகக் கோயில்களுக்கு வேன் விடுகிறவர்களேதான் இதையும் நடத்துகிறார்கள். இந்தச் சுற்றுலாவின் நல்லது, கெட்டது இரண்டுக்கும் அதுதான் காரணம். நேரத்துக்குக் கிளம்புவார்கள், டிரைவருக்குச் சந்து பொந்தெல்லாம் தெரியும், வண்டி சுத்தமாக இருக்கும். ஆனால் ஒன்பது கோயிலை ஒரே நாளில் முடித்துப் பழகியவர்கள் ஊரையும் கோயில் போலவே எண்ணுகிறார்கள்: இறங்கு, பார், ஏறு. தரங்கம்பாடியில் அது செல்லாது. அது நடந்து பார்க்க வேண்டிய ஊர்.

தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறை, அங்கே டிபன், பிறகு செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர். டிபனைச் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகும். வேனில் இந்த நேரம் வீணாகிறது. வழிகாட்டி மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டிய கதை கும்பகோணத்திலேயே தொடங்குகிறது: ராமசாமி கோயிலைக் கட்டிய தஞ்சை ரகுநாத நாயக்கர்தான் 1620 நவம்பரில் டென்மார்க்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர். அவர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. புறப்படும் ஊரையும் போய்ச் சேரும் ஊரையும் முடிச்சுப் போடும் இந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் சினிமாப் பாட்டு போடுகிறார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டால் நிறுத்துவார்கள். தயங்காமல் கேளுங்கள்.

ஊர் வாசலில், 1792-இல் கட்டிய வெள்ளை நிற நுழைவாயிலுக்கு வெளியிலேயே இறங்கிவிடுவது நல்லது. வேன் உள்ளே போய்க் கோட்டைத் திடலில் நிற்கும். 'வெயிலாக இருக்கிறது, அங்கேயே இறங்கலாம்' என்பார்கள். ஒத்துக்கொண்டால் ராஜ வீதி முழுவதும் கண்ணாடி வழியாகத்தான். நுழைவாயிலிலிருந்து கடல் வரை நேர் கோடாக ஓடும் இந்தத் தெருவில்தான் சீயோன் தேவாலயமும் (1701), புதிய எருசலேம் தேவாலயமும் (1718) இருக்கின்றன. புதிய எருசலேமின் முகப்பில் கிரீடத்தோடு டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை எழுத்தும் ஆண்டும் தெரியும். உள்ளே ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலையில் கப்பலில் வந்து இறங்கியவர், 1719-இல் தமது 36-ஆம் வயதில் இங்கேயே இறந்தார். தெருவை நிதானமாக நடந்து பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். வேன்காரர் தருவது இருபது நிமிடம்.

பக்கத்துத் தெருக்களுக்கு யாருமே கூட்டிப்போவதில்லை. சுனாமிக்குப் பிறகு, பழம்பெரும் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு எடுத்துச் செப்பனிட்ட வீடுகள் தட்டார் தெருப் பக்கம் இருக்கின்றன. திண்ணை, முற்றம், நாட்டு ஓடு எல்லாம் பழைய முறைப்படியே. ராஜ வீதியின் தூண் வைத்த மாளிகையையும் இந்த ஓட்டு வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் ஊர் புரியும்.

கோட்டைக்கு வருவோம். டேன்ஸ்போர்க் கோட்டை காலை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. இதைத் தெரியாமல் வெள்ளிக்கிழமையும் வேன் விடுகிறார்கள். 'வெளியிலிருந்து போட்டோ எடுத்துக்கலாம்' என்ற பதிலோடு சரி, பணம் திரும்பாது. முன்பதிவு செய்யும்போதே கிழமையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரைகுறைதான்: காலையில் ஆராதனை நடக்கும், தேவாலயங்களுக்குள் சுற்றிப் பார்க்க முடியாது. ஆக, செவ்வாய், புதன், வியாழன் உத்தமம்.

உள்ளே போனதும் கூட்டம் நேராக மாடிக்கு ஏறி, பீரங்கிக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். கீழ்த்தளத்தை விட்டுவிடாதீர்கள். செங்கல் வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கும்: சரக்குக் கிடங்கு, வெடிமருந்து அறை, சிறை. மிளகும் துணியும் ஏற்றிய டென்மார்க் வணிகக் கம்பெனிக்கு இந்தக் கீழ்த்தளம்தான் கடை. மேல்தளம் ஆளுநரும் வணிகர்களும் போதகரும் இருந்த இடம். அங்கே ஒட்டகத் திமில் போன்ற குவிமாடங்களின் பாரத்தை நடுத் தூண் வாங்கிக்கொள்வதைக் கவனியுங்கள். இப்போது அதில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பீங்கான், ஆவண நகல், நாணயம் என்று சின்னதுதான், அரை மணியில் முடியும். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுண்ணாம்பு என்று நினைத்துத் தடவாதீர்கள், கடல் உப்பு. சட்டையில் ஒட்டினால் கறை.

மாசிலாமணிநாதர் கோயில் கோட்டைக்கு வடக்கே, கரையை ஒட்டி. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது; டென்மார்க்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இங்கே துறைமுகம் இருந்ததற்குச் சாட்சி. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் மேல் ஏறி நின்று படம் எடுப்பதுதான் இந்தச் சுற்றுலாவில் உண்மையான ஆபத்து. பாசி பிடித்த கல் வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். குளிப்பதற்கும் ஏற்ற கடல் இல்லை, நீரோட்டம் இழுக்கும். பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

வழிகாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேச்சு சரளம், குரல் கணீர், தகவலில்தான் ஓட்டை. சீயோன் இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தேவாலயம் என்கிறார். சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680-லேயே வந்துவிட்டது. தமிழில் முதல் அச்சுப் புத்தகம் இங்கேதான் என்கிறார். கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு உரிய பெருமை வேறு: புதிய ஏற்பாடு தமிழில் முதன்முதலாக அச்சானது இங்கே, 1714–15-இல். அந்தக் கதையே போதுமானது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. அதனால் பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டியை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் ஆலையும் வைத்தார்கள். 'கடுதாசிப்பட்டறை' என்ற பெயர் அங்கே இன்னும் நிற்கிறது. வேன் அந்த வழியாகத்தான் போகிறது, ஒரு வார்த்தை சொல்வதில்லை.

'ஓசோன் நிறைந்த கடற்கரை, மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்' என்பதும் வழக்கமான வசனம். மூக்கில் ஏறும் வாசம் கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகச் சேர்மங்களால் வருவது. தரைமட்டத்தில் ஓசோன் அதிகமானால் நுரையீரலுக்கு எரிச்சல்தான். காற்று நல்ல காற்று. அதற்கு ஓசோன் சான்றிதழ் தேவையில்லை. ஒரு வழிகாட்டி ஸ்வார்ட்ஸ் பாதிரியாரைத் தஞ்சைக்கு முடிச்சுப் போட்டுச் சொன்னால் அவருக்குத் தனியாக நூறு ரூபாய் கொடுக்கலாம்: 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், பிறகு தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு ஆசானாக இருந்தவர்.

சாப்பாடு மீன் குழம்போடு. கட்டணத்தில் சேர்ந்தது குழம்பு மட்டுமே, வறுவலுக்குத் தனிக் காசு. சங்கரா, நெத்திலி நன்றாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது வஞ்சரம் கேட்டால் ஐஸில் இருந்ததுதான் வரும், விலையும் ஏறியிருக்கும். சைவம் சொல்லிவைக்காவிட்டால் சாம்பார், ரசம், அப்பளம்தான்.

பிற்பகல் திட்டத்தில்தான் நவக்கிரகப் புத்தி முழுதாக வேலை செய்கிறது. ஒரு மணிக்கு மேல் திருக்கடையூர், அனந்தமங்கலம், பூம்புகார் என்று அடுக்கியிருக்கிறார்கள். திருக்கடையூரில் மதியம் நடை சாத்திவிட்டால் நாலு மணி வரை காத்திருக்க வேண்டும். கும்பலாக வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பதற்கா காசு கொடுத்தோம்? போகும் வழியில் எட்டரைக்கே அபிராமியைப் பார்த்துவிட்டால் கோட்டை திறக்கும் நேரத்துக்குத் தரங்கம்பாடி வந்துவிடலாம். முகூர்த்த நாளில் மட்டும் இது நடக்காது. அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் வேனைத் திருப்பவே அரை மணி ஆகும். ஐந்தாறு பேராகச் சேர்ந்து கேட்டால் இந்த மாற்றத்துக்கு ஒத்துக்கொள்கிறார்கள். பூம்புகாரை விட்டுவிட்டு அந்த நேரத்தை ராஜ வீதிக்கும் பழைய டேனிஷ் கல்லறைத் தோட்டத்துக்கும் கேட்டு வாங்குங்கள்.

இருவர் மட்டும் என்றால் வேன் தேவையில்லை. மயிலாடுதுறை போய்ப் பொறையாறு பஸ் பிடித்தால் செலவு கால்வாசிகூட ஆகாது. வயதானவர்களோடு நாலு பேருக்கு மேல் என்றால் வேன் சௌகரியம், 1,400 அதிகமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் வேண்டாம். தை, மாசிதான் சரியான பருவம். காணும் பொங்கலை மட்டும் தவிருங்கள்.

திரும்பும்போது ஒரு சிக்கல். யாராவது 'காரைக்கால் பக்கம்தானே, ஒரு எட்டு போய் வரலாம்' என்பார். தெற்கே போய் நண்டலாறு சோதனைச் சாவடியில் திரும்பி வரும்போது ஒருவருடைய பையில் புதுச்சேரி மது பாட்டில் இருந்தால் மொத்த வேனும் நிற்கும். அந்த வழி வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். கருவாடு வாங்குகிறவர்கள் மூன்று உறை போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஏசிக்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு கும்பகோணம் வரை இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.