"அக்கா, எல்லாருக்கும் அஞ்சு போட்டுடலாமா?" – சக மாணவர் மதிப்பீட்டுச் செயலியோடு இரண்டு செமஸ்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் நடுநிலை இல்லை. பதினான்கு வருடம் கழித்து, வேலைக்கும் போய்க்கொண்டு, முதுகலை படிக்க வந்தவள் நான். கூடப் படிப்பவர்கள் எல்லாருக்கும் நான் 'அக்கா'. பாடத்திட்டத்தில் 'குரூப் அசைன்மென்ட், 40 சதவீதம்' என்று பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் குரூப்பில் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று மாணவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் செயலி ஒன்றை எங்கள் துறை கொண்டுவந்தபோது, ரொம்ப சந்தோஷப்பட்டது நான்தான். செயலியின் பெயர் இங்கே வேண்டாம். இந்த ரகத்தில் பல, உள்ளே கிட்டத்தட்ட ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன.

பயன்படுத்துவது சுலபம். ரிப்போர்ட்டைச் சமர்ப்பித்ததும் இணைப்பு வரும். குரூப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் (நமக்கும் சேர்த்து) 0 முதல் 5 வரை போட்டு, கீழே உள்ள பெட்டியில் இரண்டு வரி எழுதவேண்டும். பத்து நிமிட வேலை. போனில் மட்டும் செய்யாதீர்கள். 4-ல் நிறுத்த நினைத்தால் விரல் 5-ல் போய் நிற்கும். ஒருவருக்கு அப்படி ஒரு 5 போய்விட்டது, திரும்ப மாற்ற வழியில்லை.

இப்படி ஒரு செயலி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஊர் கூடித் தேர் இழுக்கலாம் என்று நாம் சொல்கிறோம். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தே பார்த்தார். ஆள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. 1913-ல் வெளிவந்த முடிவு அது. 1979-ல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் கைதட்டவும் கத்தவும் வைத்து அதையே பார்த்தார்கள். கூட்டத்தோடு கத்துகிறோம் என்று நினைத்தவர்கள் தனியாகக் கத்தியதைவிடக் குறைவாகவே கத்தினார்கள். ஆனால் தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் சோம்பல் போய்விடுகிறது என்று அவர்களே பிறகு காட்டினார்கள். இந்தச் செயலிகள் எல்லாம் நம்பியிருப்பது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

இனி கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் அந்தப் படிவத்தைத் தொடக்கூடாது என்பேன். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ என்ற திறமூலக் கருவியின் வழி இது. நான் போடும் எண்களை நான் போட்ட மொத்தத்தால் வகுத்துவிடுவார்கள். அதாவது ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு முழுப் பங்கு. அதைத்தான் பிரித்துக் கொடுக்கிறோம். எல்லாரிடமிருந்தும் ஒருவருக்கு வந்த துண்டுகளைக் கூட்டினால் அவருடைய ஸ்கோர். சராசரி எப்போதும் 1.

முதல் செமஸ்டரில் நாங்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் முதல் கூட்டத்துக்கு வந்தார், பிறகு கடைசி நாள் ஸ்லைடில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். படிவம் திறந்த அன்று வாட்ஸ்அப்பில் கேள்வி வந்தது: "அக்கா, எல்லாருக்கும் அஞ்சு போட்டுடலாமா? எதுக்கு வம்பு?" நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு, உள்ளே போய் 5, 5, 4, 1, எனக்கு 5 என்று போட்டேன். ஆமாம், வாக்குத் தவறினேன்.

மற்ற நால்வரும் எல்லாருக்கும் ஒரே எண். அதனால் ஒவ்வொருவரும் எல்லாருக்கும் 0.2 கொடுத்தார்கள். எல்லாருக்கும் 5 போட்டாலும் 0.2 தான், எரிச்சலில் எல்லாருக்கும் 1 போட்டாலும் அதே 0.2 தான். பெருந்தன்மையும் கோபமும் செயலிக்கு ஒன்று! நான் மட்டும் வேறுபடுத்திப் போட்டதால், வராதவருக்கு 0.8 கூட்டல் 0.05, ஆக 0.85. எனக்கு 1.05. குரூப் மார்க் 70. எங்கள் பாடத்தில் அதில் பாதியை மட்டும்தான் அவரவர் ஸ்கோரால் பெருக்குவார்கள், மறுபாதி எல்லாருக்கும் அப்படியே. விளைவு: ஒன்றுமே செய்யாதவருக்கு 64.75, ஆறு வாரம் தூங்காத எனக்கு 71.75. எனக்குக் கூடுதலாகக் கிடைத்த 1.75 யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதைவிட உறுத்தியது வேறு. அந்தக் குரூப்பில் யார் மேலே, யார் கீழே என்பதை முழுக்க முழுக்க நான் ஒருத்தியே தீர்மானித்திருக்கிறேன். 4 வாங்கியவருக்கு 1.00 என்று வந்தது, அவருக்கும் புரிந்திருக்கும். அன்று வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பழிவாங்கும் ஆளாக இருந்திருந்தாலும் இந்தச் செயலி இதே பவ்யத்தோடு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கும்.

இரண்டாவது செமஸ்டர். நான்கு பேர், எல்லாரும் ஒழுங்காக வந்தார்கள். எனக்கு நான் தயங்காமல் 5 போட்டுக்கொண்டேன். வந்த ஸ்கோர் 0.91.

நான் நம்பவில்லை. பகிர்வு ஆவணத்தின் பதிப்பு வரலாற்றைத் திறந்தேன், முறையீட்டோடு அதையும் இணைத்து அனுப்பலாம் என்று. இரவு 11.40-லிருந்து இரண்டு மணி வரை என் பெயர்தான், என் பச்சை நிறம்தான். மூன்றாவது அத்தியாயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானித்தேன். அது நான் எழுதவேண்டிய அத்தியாயமே இல்லை. நாலு பக்கமும் பச்சை. கருத்துப் பெட்டியில் வந்திருந்ததை அப்போதுதான் சரியாகப் படித்தேன்: "அக்கா ரொம்ப உழைச்சாங்க.. ஆனா நான் எழுதினதுல ஒரு வரிகூட மிஞ்சல.. அப்புறம் எதுக்கு என்னை எழுதச் சொன்னாங்க.." பெயர் மறைத்த கருத்துதான். ஆனால் நாலு பேர் குரூப்பில், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் இரண்டு புள்ளி வைப்பவர் ஒருவர்தான். இந்தச் செயலி தரும் ரகசியம் இவ்வளவுதான் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முறையீடு அனுப்பவில்லை. படிவத்தின் கேள்விகளை மறுபடி படித்தேன். எவ்வளவு செய்தார் என்பது அதில் ஒரு கேள்விதான். பல இடங்களில் பயன்படும் கேட்மி என்ற சக மாணவர் மதிப்பீட்டுக் கருவியிலும் அப்படித்தான்: ஐந்து பரிமாணங்களில் பங்களிப்பு ஒன்று, சக உறுப்பினர்களோடு நடந்துகொள்ளும் விதம் இன்னொன்று. அது போக, தன் பங்கைத் தானே கூட்டிப் பார்ப்பதில் எல்லாரும் ஒரே ரகம். 1979-ல் ராஸ், சிகோலி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கணவன் மனைவியிடம் வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பல வேலைகளில் நூறைத் தாண்டியது. நாங்கள் நால்வரும் சொன்னதைக் கூட்டினால் எவ்வளவு வந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஆக என் மதிப்பீடு: 5-க்கு 3. இது இல்லாமல் குரூப் மார்க்கை அப்படியே எல்லாருக்கும் போடுவதைவிட இது மேல், சந்தேகமே இல்லை. ஆனால் வேலையே செய்யாதவரைப் பிடிக்க இதை வாங்குகிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான். அதற்கு ஐந்து நிமிடம் தனித்தனியாக உட்காரவைத்து "இந்த வரைபடத்தை ஏன் இப்படிப் போட்டீர்கள்?" என்று கேட்டாலே போதும், செயலி வேண்டாம். வாங்கிவிட்ட பேராசிரியர்களுக்கு ஒன்று மட்டும்: படிவத்தைக் கடைசியில் மட்டும் திறக்காதீர்கள். எல்லாம் முடிந்தபிறகு வரும் 0.91-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நடுவில் ஒருமுறை, மார்க்கில் சேராத சுற்று ஒன்று வையுங்கள். அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. எங்கள் துறை இந்த செமஸ்டரில்தான் அதை இயக்கியது.

அந்தச் சுற்று நேற்று திறந்தது. இரண்டு புள்ளிக்காரர் மறுபடி என் குரூப்பில்தான். அவருடைய பகுதியில் ஒரு பத்தி எனக்குப் பிடிக்கவே இல்லை. ஓரத்தில் கேள்வி மட்டும் போட்டுவிட்டு மூடிவிட்டேன். எனக்கு நானே 4 போட்டேன். கம்ப்யூட்டரில்தான், விரல் வழுக்கவில்லை.