தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு எடிட்டர்களுக்குப் பிட்ச் அனுப்புவது: சில வருட அனுபவம்

எழுதினால் காசு வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வரும். ஆனால் மாதச் சம்பளம் மாதிரி வராது. சில மாதங்கள் காய்ந்து கிடக்கும், அப்புறம் ஒரே கட்டுரைக்கு வரும் தொகை என் கிராணி சம்பளத்தில் பாதியைத் தொட்டுவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே சில வருடங்களாக இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுதிவருகிறேன். எதில் பணம் வந்தது, எதில் நேரம் போனது, 'இந்தக் கட்டுரையை எழுதட்டுமா' என்று கேட்டு எடிட்டருக்கு எழுதும் மின்னஞ்சல் (அதுதான் பிட்ச்) எப்போது எடுபடுகிறது என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் தமிழ். இந்த நாட்டில் தமிழில் எழுத வந்தவர்களில் பெரும்பாலோரை வளர்த்துவிட்டது நாளேடுகளின் ஞாயிறு பதிப்புதான். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோனது என்றால், மிச்சமிருப்பவர்கள் எந்த நிலைமையில் நடத்துகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் தொடர் எழுதிவிட்டுப் பணம் பற்றிக் கேட்டேன். "உங்களுக்கு நல்ல விளம்பரந்தானே தம்பி" என்றார்கள். அதிலிருந்து தமிழில் எழுதுவதை வருமானமாகப் பார்ப்பதில்லை. பார்த்தால் கோபந்தான் வரும்.

அடுத்தது அப்வொர்க் போன்ற, இணையத்தில் சில்லறை வேலை பிடித்துத் தரும் தளங்கள். வேலை கேட்டு விண்ணப்பிக்கவே அங்கே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்களை வாங்கிச் செலவழிக்க வேண்டும். கிடைத்த வேலையிலும் தளம் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் ஒரு வாடிக்கையாளரிடம் சம்பாதிக்கும் முதல் 500 டாலருக்கு 20 விழுக்காடு பிடித்தார்கள், 2023இல் அதை ஒரே சீராக 10 என்று ஆக்கினார்கள், 2025இல் அதையும் வேலைக்கு வேலை மாறும்படி ஆக்கிவிட்டார்கள். கை பழக இது நல்ல இடம். கெடுவுக்குள் முடிப்பது, கேட்ட அளவுக்கு எழுதுவது, தெரியாத விஷயத்தை ஒரு ராத்திரியில் படித்துத் தெரிந்துகொள்வது எல்லாம் அங்கேதான் எனக்குப் படிந்தது. ஆனால் ஏர் பிரையர் விற்கும் கடைக்கு எழுதிய பக்கத்தில் என் பெயர் இருக்காது, அதைக் காட்டி அடுத்த எடிட்டரிடம் வேலையும் கேட்க முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த மாதிரி சரக்கு விவர வேலைகள் என் கண்ணெதிரே சுருங்கின. இன்று புதிதாக வருகிறவரை நான் அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்.

மிச்சம் இருப்பது எடிட்டருக்கு நேரடியாகப் பிட்ச் அனுப்புவது. எனக்கு உருப்படியாகக் காசு தந்தது இதுதான்.

பிட்ச் அழைப்புகளைத் தொகுத்து அனுப்பும் மடல்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு மூன்றுக்குப் பதிந்து வைத்தால் போதும். அவற்றில் வருவதில் முக்கால்வாசி நமக்கு ஆகாது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வசிப்பவர்களுக்கு மட்டும் என்று இருக்கும், இல்லாவிட்டால் ஊதியத்தைச் சொல்லாமல் மழுப்பியிருப்பார்கள். எவ்வளவு தருவோம் என்று அழைப்பிலேயே எழுதாத இடத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். எந்தப் பத்திரிகை என்ன கொடுத்தது என்று எழுத்தாளர்களே பெயர் போடாமல் பதிந்து வைக்கும் 'ஹூ பேஸ் ரைட்டர்ஸ்' என்ற தளம் 2012இலிருந்து இருக்கிறது. பழைய பதிவுகளும் கலந்திருக்கும், ஆனாலும் பேரம் பேசப் போகும் முன் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது 'தி ஓப்பன் நோட்புக்' தளத்தின் பிட்ச் தொகுப்பு. பெரிய பத்திரிகைகள் ஏற்றுக்கொண்ட நிஜமான பிட்ச்களை எழுதியவர்களின் அனுமதியோடு அப்படியே போட்டிருக்கிறார்கள். அறிவியல் கட்டுரைகளுக்கானது, ஆனால் கட்டமைப்பு எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். பிட்ச் எழுதுவது எப்படி என்று பாடம் நடத்தும் கட்டணப் பயிற்சிகளுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

அதைப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் அனுப்புவது பெரும்பாலும் 'பொருள்', எடிட்டர் வாங்குவது 'கதை'. "மலேசிய ரப்பரின் வரலாறு" என்பது பொருள். பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது என்பதும் பொருள்தான். சுற்றுலா இதழ்கள் அதைப் பலமுறை போட்டுவிட்டன. யாருக்கு என்ன நடந்தது, ஏன் இப்போது, அதை ஏன் நீ எழுத வேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் அது கதை.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. பள்ளிப் பாடப்புத்தகம் படித்த எல்லாருக்கும் தெரியும். 2023இல் அதற்கு 75 ஆண்டு. அந்த வருடம் மார்ச்சிலேயே நான் ஒரு பிட்ச் அனுப்பினேன். ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"ஜூன் 16இல் சுங்கை சிப்புட் கொலைகளுக்கு 75 ஆண்டு. இறந்த துரைகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதற்குப் பின் முள்வேலிக்குள் வைக்கப்பட்ட தோட்டத்துத் தமிழர்கள் அரிசியைக் கணக்குப் பார்த்துத் தின்ற வருடங்களைப் பற்றிச் சொன்னவர்கள் குறைவு. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, தொழிலாளர்கள் வேலைக்குச் சாப்பாடு எடுத்துப் போவதையே தடுத்தார்கள். அன்று சிறுமிகளாக இருந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் தமிழில்தான் பேசுவார்கள், நான் அவர்களோடு வளர்ந்தவன். 1,500 வார்த்தை, மே நடுவில் தருகிறேன்."

அவ்வளவுதான். கீழே என்னைப் பற்றி இரண்டு வரி, முன்பு வந்த கட்டுரைகளுக்கு இரண்டு சுட்டி. மறுநாளே பதில் வந்தது, அந்த வேகத்தில் பதில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. வேலி பற்றிய வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது அவற்றில் இல்லை. விடியும் முன்பே அவர் அம்மா வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போவாராம். கேட்டில் நிற்பவன் தண்ணிப் புட்டியை ஆட்டிப் பார்ப்பான், ரப்பர் பால் வாளிக்குள் கையை விட்டுத் துழாவுவான். "கஞ்சித்தண்ணியக் கொண்டுபோனாக்கூடக் கொட்டச் சொல்லுவான்யா" என்றார். எடிட்டர் கடைசி வரை வெட்டாமல் வைத்திருந்த வரி அது.

ஆண்டு நிறைவு, தேர்தல், புதுச் சட்டம் என்று ஏதாவது ஒரு கொக்கி இருந்தால் அனுப்புவது சுலபம். நாளேட்டுத் தளங்களுக்குச் சில வாரம், மாத இதழ்களுக்குச் சில மாதம் முன்னதாகப் போக வேண்டும். தீபாவளிக் கட்டுரையை அக்டோபரில் அனுப்பிப் பயனில்லை.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கசப்பானது. வெளியூர் எடிட்டர்கள் சிலருக்குத் தோட்டம் என்றாலே கண்ணீர்தான் வேண்டும். சாராயம், கடன், குடிசை, அழும் பெண் படம். ஒருவர் வெளிப்படையாகவே "இன்னும் மோசமான நிலையில் ஒரு குடும்பம் கிடைக்காதா?" என்று கேட்டார். கிடைக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தை மறுநாள் பாசாரில் நான் பார்க்க வேண்டும். முடியாது என்று எழுதிவிட்டேன், அந்த வேலை போனது, வருத்தமில்லை.

அதற்குப் பதில் என் கையில் இருந்தது வேறு கதை. பாமாயில் தரும் செம்பனையில் காய் பிடிக்க மகரந்தம் வேண்டும். 1981க்கு முன் இந்த நாட்டுத் தோட்டங்களில் மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து ஆட்கள் ஒவ்வொரு பூவாகத் தூவினார்கள். அந்த வருடம் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. வண்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் நிறைய உண்டு. தூவியவர்களைத் தேடி எழுதுகிறேன் என்று ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். அந்த அக்காமார்களில் ஒருத்தி அழவெல்லாம் இல்லை, "அந்தப் பவுடர் வேல போனதே நல்லது, மூக்கெல்லாம் அடைக்கும்" என்றாள்! ஆண்டு, அளவு, பூச்சியின் அறிவியல் பெயர் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்டு அந்த இதழ்க்காரர்கள் பிழிந்து எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஊதியம் நன்றாக இருந்தால் கேள்வியும் அதிகம்.

இடையில் ஒரு குறிப்பு: நான் சம்பளம் வாங்கும் தோட்டத்தைப் பற்றி எழுதுவதே இல்லை. கிராணி வேலை பார்க்கிறேன் என்பதைப் பிட்ச்சிலேயே சொல்லிவிடுவேன். எடிட்டர்கள் அதை மதிக்கிறார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். லண்டன் எடிட்டருக்கு நம் நேரம் மாலை நாலு ஐந்து மணிக்கும், நியூயார்க் எடிட்டருக்கு இரவு ஒன்பது பத்து மணிக்கும் அனுப்பினால் அவர்கள் மேசையில் உட்காரும் நேரத்துக்குப் போய்ச் சேரும். முன்பின் தெரியாத பெரிய மனிதரைப் பெயர் சொல்லி அழைக்க நமக்குக் கை கூசும், ஆனால் 'டியர் சார்' என்று தொடங்கினால் நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பியது போல ஆகிவிடும். பெயர் தேடிப் போட வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். எனக்குக் கிடைத்த வேலைகளில் கணிசமானவை அந்த நினைவூட்டலுக்கு வந்த பதில்தான். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அடுத்த பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன். இலக்கிய இதழ்கள் 'சப்மிட்டபிள்' என்ற இணையதளம் வழியாகப் படைப்புகளை வாங்கும்போது சில சமயம் 3 டாலர் அளவுக்கு வாசிப்புக் கட்டணம் கேட்கும். நான் கட்டுவதில்லை. கட்டணம் இல்லாத நல்ல இதழ்களே போதுமான அளவு இருக்கின்றன.

சரி என்று சொன்னதும் குதிக்காமல் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பணம் ஏற்றுக்கொண்டதும் வருமா, வெளிவந்த பிறகா? வெளிவந்த பிறகுதான் என்றால் அது எப்போது என்பது அவர்கள் கையில். எழுதி முடித்த பிறகு அவர்கள் வேண்டாம் என்றால் 'கில் ஃபீ' உண்டா? பல இடங்களில் கால் பங்கு தருவார்கள். உரிமைப் பகுதியில் முழு உரிமையும் அவர்களுக்கே என்று இருந்தால், மொழிபெயர்ப்பு உரிமையை மட்டுமாவது எனக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் மறுப்பதில்லை. தமிழ் உரிமைக்கு அவர்களுக்கு என்ன வேலை? அதை வைத்துத்தான் வேலிக் கட்டுரையைப் பின்னால் தமிழில் எழுதி, பாட்டிக்குப் படித்துக் காட்ட முடிந்தது. இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார்.

பணம் வாங்க நான் இப்போது வைஸ் என்ற பணமாற்றுச் சேவையைப் பயன்படுத்துகிறேன். சந்தை விகிதத்திலேயே மாற்றி, கட்டணத்தைத் தனியாகக் காட்டுகிறது. பேபால் தன் சொந்த விகிதத்தில் மாற்றுவதால் மலேசிய வெள்ளியாக (ரிங்கிட்) கைக்கு வரும்போது இளைத்திருக்கும். ஆனால் சில பத்திரிகைகள் பேபால் தவிர வேறு எதற்கும் மசியாது. அமெரிக்கப் பத்திரிகை என்றால் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்று சொல்லும் தாள் அது. வேலையை இங்கே உட்கார்ந்து செய்வதால் அங்கே வரி பிடிக்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட வருடம் கழிந்து மூன்றாவது வருடக் கடைசி வரை செல்லும், அதற்குப் பின் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இங்கே வருமான வரி வேறு. எழுத்தை வியாபாரமாகக் காட்டினால் சம்பளக்காரர்களின் பிஇ படிவம் அல்ல, ஜூன் 30 கெடு உள்ள பி படிவம். அதனால் இன்வாய்ஸ் அனைத்தையும் வருடவாரியாக ஒரே கோப்பில் போட்டு வைக்கிறேன். செக்ரோல் என்னும் தொழிலாளர் சம்பளப் பதிவேடு எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை.