போர்ட் ஸ்டீபன்ஸில் மார்லின் பிடிக்கப் “பிரைவேட் போட்” தேடுகிறவர்கள் கவனத்துக்கு

சிட்னியிலிருந்து வடக்கே இரண்டரை மணிநேரக் கார் ஓட்டத்தில் இருக்கிறது போர்ட் ஸ்டீபன்ஸ். ஜனவரி தொடங்கி மார்ச் வரை அங்கே மார்லின் என்கிற பெரிய கூர்மூக்குக் கடல்மீனின் காலம். அந்த மாதங்களில் நம் ஆட்கள் குழுக் குழுவாகப் புறப்படுவது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். “பிரைவேட் போட், செலவைப் பங்குபோடலாம், தலைக்கு 400 டொலர்” என்று விளம்பரம் கண்டால் தயவுசெய்து காசு அனுப்பாதீர்கள். நாங்கள் நால்வர் அனுப்பினோம். 1,600 டொலர் போனது. அது போகட்டும், நால்வரும் உயிரோடு கரை சேர்ந்ததே பெரிய காரியம்.

எங்களில் மூத்தவர் பருத்தித்துறை அண்ணை. அவருடைய அப்பா வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். சின்ன வயதில் அப்பாவோடு கடலுக்குப் போன கதைகளை அண்ணை எங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேணும் என்று கேட்டபோது, “ஒருக்கா மார்லினைத் தூண்டிலில கண்டால் காணும், பிறகு விட்டிடுவம்” என்றார். அந்த ஆசைக்காகத்தான் நான் படகு தேடத் தொடங்கினேன்.

காசுக்கு ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகும், பதிவு பெற்ற சார்ட்டர் படகுகளில் விசாரித்தேன். ஒருநாளைக்கு முழுப் படகுக்கும் 2,800 டொலர் சொன்னார்கள். நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 700. அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஆளுக்கு 400, தூண்டில், இரை, சாப்பாடு எல்லாம் சேர்த்து. மீனுக்கு அடையாளக் குறி குத்தி விடுவதற்கும் ஏற்பாடு உண்டு என்று எழுதியிருந்தது. நியூ சவுத் வேல்ஸில் மீன்வளத்துறையின் அந்தக் குறியிடும் திட்டம் 1973 முதல் நடக்கிறது. பிடித்த மீனுக்குக் குறி குத்தி, அட்டையில் விவரம் நிரப்பி அனுப்பினால், அதே மீன் வேறெங்காவது மறுபடி பிடிபடும்போது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியவரும். அண்ணைக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முற்பணமாக ஆளுக்கு 200 டொலரை வங்கி வழியாக அனுப்பினேன். மிச்சம் காலையில் கையில் காசாகத் தர வேண்டும் என்றார் படகுக்காரர்.

மீன்பிடி அனுமதி பற்றிக் கேட்டதற்கு, “படகுக்கு இருக்கு, உங்களுக்குத் தேவையில்லை” என்றார். இது முதல் பொய். முறையான சார்ட்டர் படகுகளில் பெரும்பாலும் படகுக்காரரே அந்தக் கட்டணத்தைக் கட்டியிருப்பார். தனியார் படகில் அப்படி இல்லை, ஆளாளுக்கு எடுக்க வேண்டும். மூன்று நாள் அனுமதிக்கு 7 டொலர்தான். எனக்குச் சந்தேகம் வந்து நால்வருக்கும் முதல் நாள் இரவே எடுத்துவிட்டேன். அந்தச் சந்தேகத்தை அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

விடிகாலை ஐந்து மணிக்கு நெல்சன் பே இறங்குதுறையில் சந்தித்தோம். விளம்பரப் படத்தில் பெரிதாகத் தெரிந்த படகு நேரில் ஆறு மீற்றர்தான் இருக்கும். ஒரே ஒரு எஞ்சின். வெளிக்கடலுக்குப் போகிற படகில் ஒரே எஞ்சின் இருப்பது குற்றமில்லை, நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள். ஆனால் அந்த ஒன்றைக் கண்ணைப்போல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினைப் போட்டதும் அண்ணை பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். வெளிப்புற எஞ்சின் ஓடும்போது பக்கத்துத் துளையால் ஒரு தண்ணீர்த் தாரை பீய்ச்சி அடிக்கும். கடல் தண்ணீரை உள்ளே இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதில் தாரை அடிக்கவில்லை, ஒழுகியது. பிள்ளை விளையாட்டுக்குத் தண்ணீர்ப் போத்தலில் ஓட்டை போட்டதுபோல நூலாக வடிந்தது.

“தம்பி, இது காணாது. பம்புக்குள்ள இருக்கிற றப்பர் தேஞ்சிருக்கும்” என்றார் அண்ணை. படகுக்காரர் சிரித்தபடி, “இது எப்பவும் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டுக் காசை எண்ணி வாங்கினார். வானிலை அறிவிப்பில் ஹன்டர் கரையோரத்துக்குப் பலத்த காற்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். அன்று தெற்கிலிருந்து மணிக்கு 26 முதல் 33 கடல் மைல் (நொட்) வேகத்தில் காற்று வரும் என்பது அதன் பொருள். நான் போனைக் காட்டினேன். “அது பின்னேரம். நாங்கள் இரண்டு மணிக்கே கரைக்கு வந்திடுவம்” என்றார். கடலுக்குப் போகும் படகுகள் கரையிலிருக்கும் மரைன் ரெஸ்கியூ என்கிற கடல் மீட்புத் தொண்டர்களிடம் போகிற இடம், ஆட்களின் எண்ணிக்கை, திரும்பும் நேரம் எல்லாம் சொல்லிப் பதிந்துவிட்டுப் போவது வழக்கம். ரேடியோவில் சொல்லலாம், போன் செயலியிலும் சொல்லலாம், ஒரு சதமும் செலவில்லை. அதையும் இவர் செய்யவில்லை. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

டொமாரீ முனையையும் யகாபா முனையையும் தாண்டி வெளியே வந்தபோது கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த இரண்டு மணிநேரம் எங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாதது. பச்சைத் தண்ணீர் ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோல் முடிந்து கடும் நீலம் தொடங்கியது. வடக்கிலிருந்து சூடான நீரோட்டம் இறங்கி வருகிற காலத்தில் அந்த நீலத்தோடுதான் மார்லினும் வரும். தூரத்தில் நாலைந்து படகுகள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடின. ஸ்கிர்ட் கட்டிய பிளாஸ்டிக் இரைகளை இழுத்தபடி நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

பத்து மணியளவில் எஞ்சினிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். சூடு ஏறினால் எச்சரிக்கிற மணி அது. படகுக்காரர் எஞ்சினை நிறுத்தவில்லை. முன்பலகைக்குக் கீழே கையை விட்டு ஒரு வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதே திரும்பச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அடுத்த நிமிடமே இடதுபக்கத் தூண்டில் வளைந்து நூல் கத்திக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது.

அண்ணை தூண்டிலை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். ஐம்பது மீற்றருக்கு அப்பால் வரி மார்லின் ஒன்று தண்ணீரைக் கிழித்து எழுந்தது. உடம்பு முழுவதும் நீல வரிகள், விளக்கு எரிவதுபோல். நாலு தரம் துள்ளியது. அண்ணை வாய்விட்டு அழுதுவிட்டார். “அப்பு இருந்திருந்தால்” என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடம் இருக்கும், நூல் படாரென்று அறுந்தது. மீன் பலத்தால் அறுந்திருந்தால் யாரையும் குறை சொல்ல மாட்டோம். சுற்றி எடுத்த நூலின் நுனியை அண்ணை விரலில் ஓட்டிப் பார்த்தார். கடைசி இரண்டு மீற்றரும் பஞ்சுபோல் சிராய்ந்திருந்தது. தூண்டில் தடியின் நுனி வளையத்தில் ஒரு வெடிப்பு, நகத்தை வைத்தால் நகம் மாட்டும். அந்த வெடிப்பு நூலை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. குறி குத்துகிற கம்பியைக் காட்டுங்கள் என்று அப்போது கேட்டேன். படகில் அப்படி ஒன்றே இல்லை.

பன்னிரண்டரைக்கு எஞ்சின் இருமியது, வேகம் குறைந்தது, பிறகு நின்றே போனது. மூடியைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது. ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிட்டால் எந்தப் பதிலும் இல்லை. அன்டெனா வயர் பொருத்துமிடத்தில் உப்பு பிடித்துப் பச்சை பூத்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. தெற்கே அடிவானத்தில் மேகம் ஒரு பாயைச் சுருட்டி வைத்ததுபோல் நீளமாகக் கிடந்தது. “காத்து மாறுது, லைஃப் ஜாக்கெட்டைப் போடுங்கோ எல்லாரும்” என்றார் அண்ணை. அதுவரை யாரும் எங்களுக்கு அதைக் கண்ணில் காட்டவில்லை.

இருக்கைக்கு அடியிலிருந்து காற்று நிரம்பும் வகை ஜாக்கெட்டுகள் வந்தன. ஐந்து பேருக்கு நாலு. எனக்குக் கிடைத்ததன் ஸிப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளேயிருக்கும் சின்னச் சிலிண்டர் துருப்பிடித்து மரையில் கழன்று ஆடியது. கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பியிருக்காது. அந்த வகை ஜாக்கெட்டை வருடா வருடம், அல்லது தயாரிப்பாளர் சொன்ன கால இடைவெளியில், சரிபார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கடைசியாகப் பார்த்த திகதி எழுதும் சீட்டு வெறுமையாக இருந்தது. கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு மேல் போனால் ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் ஈபேர்ப் கருவி கட்டாயம். அது இருந்தது, ஆனால் பற்றரியின் காலம் முடிந்து மூன்று வருடமாகியிருந்தது. எங்கள் நால்வரில் ஒருவரான கண்டி நண்பருக்கு நீச்சல் தெரியாது. அவர் தன் பிள்ளைகளின் பெயரை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

எங்களைக் காப்பாற்றியது தற்செயல். அரை மைலுக்கு அப்பால் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய படகுக்கு அண்ணை தன் சிவப்புச் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். அவர்கள் வந்து ரேடியோவில் மரைன் ரெஸ்கியூவைக் கூப்பிட்டார்கள். மரைன் ரெஸ்கியூ படகு வருவதற்குள் காற்று வந்துவிட்டது. இருபது நிமிடத்தில் கண்ணாடிபோல் கிடந்த கடல் ஆளுயரத்துக்கு எழுந்தது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு உள்ளே வர மூன்றரை மணிநேரம். சம்பளம் வாங்காமல் இந்த வேலை செய்கிற தொண்டர்கள் அவர்கள். அவர்களில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு நான் கடைசிவரை கடமைப்பட்டவன்.

இழுபட்டு வரும்போது படகுக்காரர் என் காதுக்குள் சொன்னது இதுதான்: “யாராவது கேட்டால் நீங்கள் என் நண்பர்கள் என்று சொல்லுங்கள். காசு பற்றிப் பேச வேண்டாம்.” அண்ணைக்கும் அது கேட்டுவிட்டது. “நாங்கள் உங்கட நண்பர்கள் இல்லை. நண்பனை ஆரும் இப்படிக் கூட்டிக்கொண்டு போறதில்லை” என்றார், ஆங்கிலத்தில், நிதானமாக.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது கரைக்கு வந்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நண்பர்கள் சேர்ந்து பெற்றோல் காசைப் பங்குபோடுவது வேறு. விளம்பரம் போட்டு, முன்பின் தெரியாதவரிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது வேறு. காசுக்கு ஆள் ஏற்றினால் அந்தப் படகு வணிகப் படகாகிவிடும். அதற்குப் படகைப் பரிசோதித்த சான்றிதழ் வேண்டும், ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும், படகுக்குத் தனி அடையாள எண் வேண்டும். ஆம்சா என்கிற கடல்சார் பாதுகாப்பு ஆணையம் அதைப் பார்க்கிறது. சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி, காசு வாங்கி ஏற்றிய ஆட்களைப் பொதுவாகக் கவனத்தில் எடுக்காது என்று காப்புறுதித் துறையில் இருக்கும் உறவினர் சொன்னார். அதாவது அன்றைக்கு யாருக்காவது ஏதும் நடந்திருந்தால், எங்கள் குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது இரங்கல் செய்தி மட்டும்.

காசைத் திருப்பிக் கேட்டேன். பதிலுக்கு, அறுந்துபோன இரைக்கும் நூலுக்கும் 250 டொலர் தர வேண்டும் என்று செய்தி வந்தது. பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். நீங்களாக விரும்பி அனுப்பிய காசு என்று வங்கி கையை விரித்தது. விளம்பரத்தின் படம், காசு அனுப்பிய பதிவு, அவருடைய செய்திகள், படகின் பதிவு எண் எல்லாவற்றையும் சேர்த்து ஆம்சாவுக்கும், நுகர்வோர் முறைப்பாடுகளைப் பார்க்கும் ஃபெயார் டிரேடிங்குக்கும் எழுதியிருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை. நல்லவேளை படம் எடுத்து வைத்தேன், மறுநாளே விளம்பரம் மறைந்துவிட்டது.

நீங்கள் போவதென்றால் ஒரு காரியம் செய்யுங்கள். முற்பணம் அனுப்ப முன், படகின் பரிசோதனைச் சான்றிதழையும் ஓட்டுநரின் தகுதிச் சான்றிதழையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன மாதம் அண்ணைக்காக ஒரு சார்ட்டர் படகில் கேட்டேன், ஐந்து நிமிடத்தில் அனுப்பினார்கள், கோபிக்கவும் இல்லை. அடுத்த பெப்ரவரிக்கு அதில் பதிந்திருக்கிறோம். நால்வராகப் போனால் ஆளுக்கு 700 டொலர்தான். கண்டி நண்பர் வரமாட்டேன் என்றுவிட்டார், அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை.

நேற்று அந்த விளம்பரம் வேறு பெயரில் திரும்பவும் வந்திருக்கிறது. இப்போது தலைக்கு 450 டொலர். படத்தில் இருப்பது அதே படகுதான்: வலதுபக்க இருக்கையின் கிழிந்த மூலையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அன்று நான் உட்கார்ந்திருந்த இருக்கை அது.