மறைக்கல்வி கிளாஸுக்கு எந்த காமிக்ஸ்? ட்ரெஷர் செஸ்டா, டான் போஸ்கோவா, மார்வெலா?

மறைக்கல்வி கிளாஸ்ல, அதாவது கத்தோலிக்க பசங்களுக்கு விசுவாசத்தை சொல்லிக்குடுக்குற வகுப்புல, காமிக்ஸ் யூஸ் பண்ணலாமான்னு கேட்டா தாராளமா பண்ணலாம், ஆனா எந்த காமிக்ஸ், எந்த வயசுக்குங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. புதுநன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்குறதுக்கு) ரெடியாகுற எட்டு வயசு பாப்பாவும், உறுதிபூசுதலுக்கு (ஞானஸ்நானத்துல வாங்குன விசுவாசத்தை உறுதிப்படுத்துற சடங்குக்கு) பேர் குடுத்துட்டு கடைசி பெஞ்சுல ஃபோனை ஒளிச்சு வச்சு பாக்குற பதினாலு வயசு பையனும் ஒரே புக்கை ரசிக்க மாட்டாங்க. கத்தோலிக்க உலகத்துல இதுக்கு பெரிய அளவுல நடந்த மூணு முயற்சியை எடுத்துக்கிறேன், மூணும் வேற வேற ரூட்டு.

முதல்ல அமெரிக்காவோட ட்ரெஷர் செஸ்ட்ங்கிற காமிக்ஸ் பத்திரிகை. 1946-ல ஆரம்பிச்சு 1972 வரைக்கும் வந்துச்சு, ஒஹாயோ டேட்டன்ல இருந்த ஜார்ஜ் பிளாம் கம்பெனி போட்டது, கடையில தொங்கவிட்டு விக்கிறதை விட கத்தோலிக்க ஸ்கூல் வழியா சந்தா கட்டி வாங்குறதுதான் மெயின் ரூட்டு. அந்தக் காலத்துல அமெரிக்காவுல காமிக்ஸ்னாலே பசங்க கெட்டுப்போறாங்கன்னு ஒரே கூச்சல், 1948-ல நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன்ல ஒரு கத்தோலிக்க ஸ்கூல்ல காமிக்ஸை குவிச்சு வச்சு கொளுத்தியிருக்காங்க. ஒரு பக்கம் எரிச்சுக்கிட்டே இன்னொரு பக்கம் தாங்களே அச்சடிச்சாங்க, கொஞ்சம் காமெடிதான், ஆனா அச்சடிச்ச ஆளுங்கதான் புத்திசாலிங்கன்னு நான் சொல்வேன்.

இதோட பலமே கலவைதான். ஒரு இதழ்லயே புனிதர் கதை இருக்கும், ஸ்போர்ட்ஸ் இருக்கும், சயின்ஸ் இருக்கும், சக் வைட்னு ஒரு பையனோட தொடர்கதை வருஷக்கணக்கா ஓடும். பையன் தொடருக்காக புக்கை தொறப்பான், போற வழியில புனிதரையும் பாத்துட்டு போவான். பலவீனமும் அதே இடத்துலதான், காலத்தோட சாயம் அப்படியே ஒட்டியிருக்கும். 1961-ல கம்யூனிசத்தை எதிர்த்து ஒரு தொடர் போட்டாங்க, அதுல எஃப்பிஐ தலைவர் ஜே எட்கர் ஹூவரோட வார்த்தை வேற. அதை இப்ப நம்ம பசங்களுக்கு குடுத்தா விசுவாசமா அரசியலான்னு அவனுக்கும் புரியாது, நமக்கும் விளக்க முடியாது. அதே பத்திரிகைதான் 1964-ல பெட்டிக்ரூ ஃபார் பிரெசிடெண்ட்னு ஒரு தொடர் போட்டுச்சு. 1976 தேர்தல்ல நிக்கிற ஒரு வேட்பாளர், நல்ல மனுஷன், திறமைசாலி, ஆனா பாகம் பாகமா போகுது முகத்தை மட்டும் காட்டவே மாட்டாங்க, கடைசியில காட்டுறப்பதான் தெரியும் அவர் கறுப்பினத்தவர்னு. அமெரிக்காவுல இனப் பாகுபாட்டை தடை பண்ற சிவில் ரைட்ஸ் சட்டம் வந்ததே அந்த வருஷம்தான். எல்லா மனுஷனும் கடவுளோட சாயல்னு நாம வாயால நூறு தடவை சொல்றதை இந்த ஒரு ட்ரிக் செஞ்சு முடிச்சிருது, நம்ம ஊர்ல சில பங்குல கல்லறைத் தோட்டத்துல கூட சாதி பாத்து சுவர் கட்டின கதை இருக்கே, அங்க இதை படிக்க வச்சா என்ன கேள்வி வரும்னு யோசிச்சு பாருங்க.

ரெண்டாவது பெல்ஜியம். ஜிஜேங்கிற ஓவியர், ஏழைப் பசங்களுக்காகவே வாழ்ந்த இத்தாலி புனிதர் டான் போஸ்கோ வாழ்க்கையை ஸ்பிரூங்கிற காமிக்ஸ் பத்திரிகையில 1941-ல வரைய ஆரம்பிச்சார், நாடு ஜெர்மன்காரன் கையில இருந்த நேரம். பின்னாடி அதே வாழ்க்கையை மறுபடியும் புதுசா வரைஞ்சார். நம்ம காமிக்ஸ் ரசிகர்களுக்கு இவர் அந்நியர் கிடையாது, கேப்டன் டைகர்னு தமிழ்ல வர்ற புளூபெர்ரியை வரைஞ்ச ஜான் ஜிரோ இவர்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர், லக்கி லுக் வரைஞ்ச மோரிஸும் இவர் கூட அமெரிக்கா கிளம்பிப் போனவர். அதாவது நம்ம லயன், முத்து காமிக்ஸ்ல வந்த இந்த வெஸ்டர்ன் கதைகளுக்கு பின்னாடி ஒரு டான் போஸ்கோ காமிக்ஸ் போட்ட ஆளு இருக்கார்.

இது ஏன் ஜெயிக்குதுன்னா டான் போஸ்கோவோட வாழ்க்கையே காமிக்ஸுக்குன்னு செஞ்ச மாதிரி இருக்கு. அப்பா சின்ன வயசுலயே போயிட்டார், அம்மா மார்கரீத்தா வளர்க்குறாங்க, ஒன்பது வயசுல ஒரு கனவு, கெட்ட வார்த்தை பேசுற பசங்களை இவர் அடிக்கப் பாயறார், அப்ப அடிச்சு இல்ல, அன்பால ஜெயிக்கணும்னு இவர்கிட்ட சொல்லப்படுது. கயித்து மேல நடக்குறது, மேஜிக்னு வித்தை காட்டி கூட்டம் சேத்து ஜெபமாலை சொல்ல வைக்கிறார், ஞாயித்துக்கிழமை கேட்ட பிரசங்கத்தை திருப்பி ஒப்பிக்கிறார். பின்னாடி தூரின்ல அவரை தாக்க வந்தப்பல்லாம் எங்கிருந்தோ வந்து காப்பாத்துன கிரீஜியோங்கிற நாய் வேற. பிரசங்கமே தேவையில்ல, அவர் செய்யறதை வரைஞ்சாலே போதும். நம்ம பசங்களுக்கு ஒட்டுறதுக்கு இன்னொரு காரணம், இவர் ஆரம்பிச்ச துறவற சபையான சலேசியர்கள் இந்தியாவுல முதல்ல வேலை ஆரம்பிச்சதே 1906-ல தஞ்சாவூர்லதான். குறைன்னு சொன்னா ஒண்ணு, நல்லவர் ரொம்ப நல்லவராவே இருப்பார். புனிதர் காமிக்ஸ் எல்லாத்துக்கும் இருக்குற வியாதி அது.

மூணாவது மார்வெல், ஆமா ஸ்பைடர்மேன் மார்வெல்தான். 1980-ல புனித பிரான்சிஸ் அசிசி, 1982-ல திருத்தந்தை ரெண்டாம் ஜான் பால், 1984-ல அன்னை தெரசான்னு மூணு புக் போட்டாங்க. பிரான்சிஸ் புக்கை வரைஞ்சது ஜான் பஸ்சிமா, வாள் வீரன் கோனன் காமிக்ஸை வரைஞ்ச கை, கேக்கணுமா. திருத்தந்தை புக்குக்கு இங்க் போட்ட (பென்சில் படத்து மேல மையில வரைஞ்ச) ஜோ சினாட் வேற யாரும் இல்ல, மேல சொன்ன பெட்டிக்ரூவை வரைஞ்சவர், ட்ரெஷர் செஸ்ட்ல திருத்தந்தை இருபத்தி மூணாம் ஜான் வாழ்க்கையையும் வரைஞ்சிருக்கார். பேரு பெருசு, படம் நல்லாருக்கு, ஆனா திருத்தந்தை புக்ல எழுத்து ஜாஸ்தி, எல்லா வருஷத்தையும் எல்லா பதவியையும் சொல்லியே ஆகணும்னு ஒரு பொறுப்பு, மரியாதை கூடிப்போய் கதை மூச்சு வாங்குது. நாஜி ஆட்சியில கல்குவாரியில வேலை பாத்த பையன், ரகசியமா நாடகம் போட்ட பையன்னு ஒரு பத்து பக்கம் நின்னிருந்தா போதும், அதுக்குள்ள ஆயராகி கர்தினாலாகி போயிடுறார். பிரான்சிஸ் புக் இந்த மூணுல பெஸ்ட், ஏன்னா அவர்கிட்ட பதவியே இல்ல.

பைபிள் காமிக்ஸ் கேப்பீங்க. கடையில சுலபமா கிடைக்கிற செர்ஜியோ கரியெல்லோவோட ஆக்‌ஷன் பைபிள் சண்டைக் காட்சியில பின்னி எடுக்கும், பசங்க விடவே மாட்டாங்க. ஆனா அது புரோட்டஸ்டண்ட் பதிப்பகத்தோடது, அவங்க பைபிள்ல 66 புத்தகம், நம்ம கத்தோலிக்க பைபிள்ல 73. மீன், நாய், மாறுவேஷத்துல கூட வர்ற தேவதூதர் ரபேல்னு காமிக்ஸுக்கே பொறந்த தோபித்து கதையை அதுல தேடாதீங்க, நீங்கதான் சொல்லணும். அமர் சித்ர கதாவுல கூட இயேசு கிறிஸ்து புக் இருக்கு, இந்து நண்பன் வீட்டுல கூட வாங்கி வைப்பாங்கங்கிறது அதோட தனி லாபம், மறைக்கல்விக்கு அது அறிமுகம் மட்டும்தான்.

ஒண்ணு மட்டும் இந்த எந்த புக்காலயும் முடியாது, அருட்சாதனம், அதாவது நற்கருணை மாதிரி கடவுளோட அருளை தர்ற புனித சடங்கு. பூசையில குருவானவர் அப்பத்தை எழுந்தேற்றம் செய்றதை (இயேசுவோட உடலா அர்ப்பணிச்சு உயர்த்துறதை) வரையலாம், சுத்தி மஞ்சள் ஒளி போடலாம், அதுக்கு மேல கட்டத்துக்குள்ள எதுவும் அடங்காது. அதுக்கு கோயிலுக்கு கூட்டிட்டு போய் பீடம் பக்கத்துல நிக்க வச்சு சொல்றதுதான் சரி, காமிக்ஸ்கிட்ட அந்த வேலையை குடுக்காதீங்க.

அதனால என் சாய்ஸ், புதுநன்மை செட்டுக்கு டான் போஸ்கோ, அந்த ஆல்பமே கிடைக்கலைன்னாலும் கதையை சொல்லி பசங்களையே கட்டம் போட்டு வரைய வைங்க. மார்வெல்ல பிரான்சிஸை மட்டும் நடுவுல உள்ள வயசுக்கு. உறுதிபூசுதல் பசங்களுக்கு பெட்டிக்ரூ, ட்ரெஷர் செஸ்ட் இதழ்கள் நிறையவே வாஷிங்டன்ல உள்ள கத்தோலிக்க யூனிவர்சிட்டி டிஜிட்டல் பண்ணி வச்சிருக்கு, இந்த தொடர் கிடைச்சா வாரத்துக்கு ஒரு பாகம்னு எடுத்து தமிழ்ல வாசிச்சு காட்டுங்க. கடைசி பாகத்துக்கு முன்னாடி நிறுத்தி இவருக்கு யாரெல்லாம் ஓட்டு போடுவீங்கன்னு கை தூக்க சொல்லுங்க, முகத்தை அடுத்த ஞாயிறுதான் காட்டுவேன்னு சொல்லிட்டு மூடி வைங்க, அந்த வாரம் ஒருத்தனும் கிரிக்கெட்டுக்கு ஓட மாட்டான்.