தஞ்சை விமானதளப் பழம்பொருள்: பொத்தானா, பதக்கமா, காகிதமா?

தஞ்சாவூர் விமானதளத்துக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஓடுபாதை ஒன்று. 2013 மே மாதம் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி திறந்துவைத்த இந்திய விமானப்படை நிலையம் இன்னொன்று. ‘ஏர்போர்ஸ் பழசு’ என்று யாராவது ஒரு சாமானை நீட்டினால், அது எந்த வாழ்க்கையைச் சேர்ந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தஞ்சாவூருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது அடுத்த கேள்வி. என் கணக்கில் விலையை முடிவு செய்வது இந்த இரண்டாவது கேள்விதான்.

எளிதில் கைக்கு வருவது பிரிட்டிஷ் விமானப்படைச் சீருடையின் பித்தளைப் பொத்தான். கழுகும் அதன் மேல் கிரீடமும் இருக்கும். லென்ஸ் வைத்துக் கிரீடத்தின் உச்சியைப் பாருங்கள். வளைவுகள் உருண்டையாக எழுந்து கூடினால் அரசர் காலத்துக் கிரீடம். போர்க்காலப் பொத்தானாக இருக்கலாம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் அரசியின் கிரீடம். அவர் பட்டத்துக்கு வந்ததே 1952இல். அதற்குள் இந்தியா குடியரசாகி, நம் படைச் சின்னங்களில் அசோகர் சிங்கம் ஏறிவிட்டது. அதனால் பள்ளம் விழுந்த பொத்தானைப் போர்க்காலத் தஞ்சாவூரில் யாரும் அணிந்திருக்க முடியாது. இந்திய விமானப்படைச் சின்னத்தில் ‘ராயல்’ என்ற சொல் இருந்தால் காலம் இன்னும் குறுகும்: 1945 மார்ச்சிலிருந்து 1950 ஜனவரி வரைதான்.

நம் வீடுகளில் பித்தளையைப் பார்த்தாலே புளியைத் தேடுவார்கள். குத்துவிளக்குக்குச் சரி. பொத்தானைப் புளி போட்டுத் தேய்த்தால், பழசு என்று சொல்லும் கருமை போய்விடும். பின்பக்கத்துத் தயாரிப்பாளர் பெயரும் மழுங்கும். இவ்வளவு பார்த்துப் பொத்தான் அசல் என்று தெரிந்தாலும் ஒரு குறை தீராது: இதே பொத்தானை லண்டனிலும் ரங்கூனிலும் போட்டிருந்தார்கள்.

பதக்கம் அதைவிட ஒரு படி மேல். ஆனால் எல்லாப் பதக்கமும் இல்லை. அந்தப் போருக்கான பொதுப் பதக்கங்களைப் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கம் என்றால் பின்பக்கம், வட்டமானது என்றால் விளிம்பு. பர்மா போர்முனைக்குக் கொடுத்த ‘பர்மா நட்சத்திரம்’ பெயரில்லாமல் இருந்தால் நகல் செய்வது எளிது, அதற்கு அதிகம் கொடுக்காதீர்கள். பெயருள்ள பதக்கத்தில், தேய்ந்த உடம்பில் எழுத்து மட்டும் புதுக் கூர்மையோடு இருந்தால் பின்னாளில் வெட்டியது என்று சந்தேகப்படலாம். ரிப்பன் புதுசாக இருப்பது குற்றமில்லை.

விமானக் கடிகாரம், உயரமானி போன்றவற்றில் கிரீடத்துக்குக் கீழே ‘ஏ’, ‘எம்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் முத்திரை. நல்ல பொருள்தான், ஆனால் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பல முகப்புகளில் ரேடியப் பூச்சு உண்டு. ஒளிர்வது நின்றுபோனாலும் கதிர்வீச்சு நிற்காது; ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டு. குண்டு, தோட்டா மாதிரி எதுவும் கண்ணில் பட்டால் விலை பேச நிற்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் காகிதம். காயலான் கடையில் கிலோ கணக்கில் போவது இதுதான், எனக்கு முதலிடத்தில் இருப்பதும் இதுதான். காகிதம் என்றதும் சிப்பாய் கடிதத்துக்குப் பாயவும் வேண்டாம். தணிக்கை காரணமாக, எங்கிருந்து எழுதுகிறோம் என்றே அவர்கள் எழுத முடியாது. ஊர்ப்பெயர் இருக்க வாய்ப்புள்ளவை வேறு: ஒப்பந்தக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ரசீது, கூலியாளின் நுழைவு பாஸ், நிலம் எடுத்த நோட்டீஸ். தேதியும் ‘டாஞ்சூர்’ என்று ஆங்கிலேயர் எழுதிய ஊர்ப்பெயரும் உள்ள ஒரு கசங்கிய ரசீதுக்கு, பளபளக்கும் பத்துப் பொத்தானைக் கொடுத்துவிடுவேன். அதைச் சரிபார்க்கவும் வழியுண்டு: பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுகளின் அன்றாடப் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

புதுத் தளத்து வீரர்கள் சட்டையில் ஒட்டும் துணிச் சின்னங்களான வில்லைகளிலும் குழப்பம் உண்டு. 222ஆம் படைப்பிரிவான ‘டைகர்ஷார்க்ஸ்’ சுகோய்-30 விமானங்களோடு தஞ்சாவூரில் சேர்க்கப்பட்டது 2020 ஜனவரியில். பிரிவு தொடங்கியதோ 1969இல். அதனால் அந்தப் பிரிவு முன்பு ஓட்டிய மிக்-27 விமானத்தின் படம் போட்ட வில்லை வயதில் மூத்ததுதான், ஆனால் தஞ்சாவூர் சரக்கு இல்லை.

விற்கும்போது சட்டத்தில் ஒரு வேடிக்கை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பொருளுக்கு 100 வயது ஆக வேண்டும். வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 போதும். ஆக 1943ஆம் ஆண்டுப் பொத்தான் இன்னும் தொல்பொருள் இல்லை. அதே ஆண்டு ரசீது தொல்பொருள் ஆகியிருக்கலாம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டுக்காரர் நல்ல விலை சொன்னாலும், தபாலில் போடும் முன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள். அதுவரை காகிதத்தை வெயில் படாத உறையில் வையுங்கள், லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.