காம்போசிட் கீ: ஐடிகிளாஸா, எம்பெடட்ஐடியா?

தேர்வுப் பதிவு டேபிளில் மாணவர் எண்ணும் பாடக் குறியீடும் சேர்ந்துதான் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் அடையாளம். இப்படிப் பல ஃபீல்டுகள் சேர்ந்த கீதான் காம்போசிட் கீ. அரியர் வைத்த மாணவர் ஒருவர் அதே பாடத்துக்கு மறுபடி பதிவு செய்தபோது, டூப்ளிகேட் என்று டேட்டாபேஸ் திருப்பிவிட்டது. சரி, பருவத்தையும் கீயில் சேர்ப்போம் என்று இறங்கினேன். ஐடிகிளாஸில் எழுதியிருந்த அந்த என்டிட்டியை (டேபிளுக்கு இணையான ஜாவா கிளாஸை) எம்பெடட்ஐடிக்கு மாற்றியது அதற்குப் பிறகுதான்.

ஜாவா ஆப்ஜெக்டுகளை டேபிள்களோடு இணைக்கும் ஜேபிஏவில் இரண்டு வழியும் உண்டு: ஐடிகிளாஸில் கீயின் ஃபீல்டுகள் என்டிட்டியிலேயே இருக்கும்; எம்பெடட்ஐடியில் அவை தனிக் கிளாஸ் ஒன்றில் இருக்கும், அந்தக் கிளாஸ் என்டிட்டியில் ஒரே ஃபீல்டாக நிற்கும். எதை எடுத்தாலும் டேபிள் ஒன்றேதான். ஐடிகிளாஸின் சுகம் குவெரியில் தெரியும்: பருவத்தை நேராகக் கேட்கலாம். எம்பெடட்ஐடியில் நடுவே ‘ஐடி’ என்று ஒரு படி கூடும். அது இரண்டு நாளில் பழகிவிடும்.

பழகாதது பராமரிப்பு. ஐடிகிளாஸில் கீயின் ஃபீல்டுகளை என்டிட்டியில் ஒருமுறை, கீ கிளாஸில் ஒருமுறை, பெயரும் டைப்பும் மாறாமல் எழுத வேண்டும். நான் இரண்டு இடத்திலும் பருவத்தைச் சேர்த்தேன்; இரண்டு கீகள் ஒன்றேதானா என்று முடிவுசெய்ய உதவும் கீ கிளாஸின் ஈக்வல்ஸ், ஹாஷ்கோடு இரண்டிலும் விட்டுவிட்டேன். எந்த எரரும் வரவில்லை. மதிப்பெண்களைக் கீ வாரியாக ஹாஷ்மேப்பில் போட்டபோது, நவம்பர் தேர்வின் மதிப்பெண் ஏப்ரல் தேர்வின் மதிப்பெண்ணை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போயிற்று.

ஜேபிஏவைச் செயல்படுத்தும் ஹைபர்நேட்டில், 6.2 முதல் ஜாவா ரெகார்டையே (மதிப்புகளை மட்டும் தாங்கும் சுருக்கமான கிளாஸ்) எம்பெடபிளாக, அதாவது எம்பெடட்ஐடிக்கான கீ கிளாஸாக, வைக்கலாம். ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும் தானாகவே எல்லா ஃபீல்டையும் சேர்த்துக்கொள்ளும். ரெகார்டில் பருவத்தைச் சேர்த்த உடனே, பழைய இரண்டு மதிப்புகளோடு கீ உருவாக்கிய ஒவ்வோர் இடத்திலும் கம்பைலர் சிவப்புக் கோடு போட்டது. திருத்த வேண்டிய இடங்களின் பட்டியல் அப்படியே கைக்கு வந்தது. ஐடிகிளாஸுக்கும் ரெகார்டு 6.5இல் வந்துவிட்டது, ஆனால் அங்கே ஃபீல்டுகளை இரண்டு முறை எழுதும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

எம்பெடட்ஐடியில் எனக்குப் பிடிக்காதது மாணவர் என்டிட்டியோடான உறவு. மாணவர் எண் இருக்கும் அதே நெடுவரிசை கீயிலும் உறவிலுமாக இரண்டு முறை மேப் ஆவதால், உறவின் பக்கம் இன்செர்ட்டபிள், அப்டேட்டபிள் இரண்டையும் ஃபால்ஸ் ஆக்கி, வாசிக்க மட்டும் வைத்திருக்கிறேன். உறவையும் கீயின் ஃபீல்டையும் ஒன்றாக இணைக்கும் மேப்ஸ்ஐடி இதற்கென்றே இருக்கிறது. ரெகார்டோடு சேர்த்து அதை ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

அப்புறம், கூட்டுக் கீயே வேண்டாம், தனி எண் ஒன்றைக் கீயாக வைத்து மாணவர் எண், பாடக் குறியீடு, பருவம் மூன்றுக்கும் சேர்த்து யூனிக் கட்டுப்பாடு போடலாமே என்பார்கள். புது டேபிள் என்றால், அதுவும் வேறு டேபிள்கள் இதைச் சுட்டும் என்றால், நானும் அதைத்தான் செய்வேன். எங்கள் டேபிளை வேறு இரண்டு மென்பொருள்களும் வாசிக்கின்றன. இதற்கு மேல் அதில் கை வைக்க முடியாது.