பாக்குத் தோப்பில் நான்கு வருடம்: என் குட்டி டிராக்டரும் அதன் லிஃப்டும்

வாழப்பாடியில் இருக்கிற என் மச்சினன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, வரி குறைஞ்சு விலை இறங்கிடுச்சு, சின்ன டிராக்டர் ஒண்ணு எடுத்துடலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி எடுக்கலாம், உங்க வண்டி எப்படி?" அவன் கேட்ட நேரத்தில் என் வண்டி சீட்டைக் கழற்றி, பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கி இறக்குகிற லிஃப்டின் மூடியைத் திறந்து, சாக்கு போட்டு மூடியபடி தகரக் கொட்டகையில் நின்றிருந்தது. அதனால் போனில் நான் சொன்னதில் பாதிக்கு மேல் கோபம்தான். இப்போது வண்டி ஓடுகிறது, ஆற அமர எழுதினால் நியாயமாக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எச்பி, விலை, மைலேஜ் எல்லாம் இந்நேரம் அவனே மனப்பாடமாகச் சொல்வான். குபோட்டா பி2441 மூன்று சிலிண்டர், மஹிந்திரா ஜிவோ 245 இரண்டு சிலிண்டர், இரண்டும் 24 எச்பி, விஎஸ்டி 270 நாலு சிலிண்டர், 27 எச்பி, ஜான் டீர் 3028 இஎன் 28 எச்பி. நானும் நான்கு வருடத்துக்கு முன்னால் இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஆத்தூருக்கும் சேலத்துக்கும் அலைந்தவன்தான். என் வண்டி எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. எனக்கு வந்த தொல்லை எந்த வண்டிக்கும் வரக்கூடியது, ஒரு வண்டியை வைத்துக் கம்பெனியையே குறை சொல்வது சரியில்லை. மச்சினனுக்குத் தெரியும், அது போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் பாக்கு, ஒன்பதடிக்கு ஒன்பதடி இடைவெளி. மிச்சம் ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு. முன்பெல்லாம் பாக்குக்குள், பின்னால் நடந்தபடி கையால் பிடித்து ஓட்டுகிற பவர் டில்லர்தான். ஒரு நாள் முழுக்கப் பிடித்தால் மறுநாள் கை எழும்பாது, அப்பா கடைசி வரை அதைப் பிடித்துத்தான் தோள்வலி வாங்கினார். இந்த வண்டி, கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறுகிற மூன்றரை அடி ரோட்டவேட்டரோடு ஒரு வரிசைக்குள் போய், கடைசியில் திரும்பி, அதே இடைவெளியின் மறுபக்கமாக வருகிறது, மட்டை கூட உரசுவதில்லை. நாலு சக்கரமும் இழுப்பதால் தண்ணீர் பாய்ச்சிய இரண்டாம் நாளே இறங்க முடிகிறது. மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல், சில நாள் அதுவும் ஆகாது. மீட்டரில் 1,640 மணி நேரம் ஓடியிருக்கிறது. என்ஜினில் இன்றுவரை ஒரு ஸ்பேனர் வைத்ததில்லை, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியதோடு சரி. வாழப்பாடி சந்தைக்கு ட்ரெய்லரில் தேங்காய் ஏற்றிப் போனாலும் மூச்சு வாங்காது. என் மனைவியும் ஓட்டுகிறார். பெரிய டிராக்டரில் கிளட்ச் மிதிக்கவே கால் எட்டாது என்பவர், இதில் தனியாகவே ஒரு ஏக்கர் ஓட்டி முடித்துவிட்டு வருகிறார்.

இவ்வளவும் உண்மை. இனி லிஃப்ட்.

பாக்கு மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர், அதுவும் மேல் மண்ணிலேயே பரவிக் கிடக்கும். அதனால் களைக்கு ஓட்டும்போது ரோட்டவேட்டர் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. லீவரை ஓர் இடத்தில் வைத்தால் லிஃப்ட் அதே உயரத்தில் நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்த லீவர். 700 மணி நேரம் வரை நின்றது. அதற்குப் பிறகு ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் 'டொக்'கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். இறங்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு என்ஜினை அணைக்காமல் பார்த்தபோதுதான் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்ல இறங்குகிறது, ஒரு கட்டத்தில் வெடுக்கென்று மேலே ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. மெக்கானிக் அண்ணன் சொன்ன காரணம் எளிமையானது. லிஃப்ட் சிலிண்டருக்குள் இருக்கிற பிஸ்டன் சீல் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. வைத்த உயரத்தை விட்டு லிஃப்டின் கை இறங்கியதும் வால்வு திறந்து பம்ப் அதை மறுபடி தூக்குகிறது. கசிவு நிற்காதவரை இந்த ஆட்டமும் நிற்காது.

தோப்பில் இதன் பலனைக் கண்ணால் பார்த்தேன். ஓட்டிய இடத்தில் மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தால், நான்கைந்து அடிக்கு ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் மட்டும் விரல் தடிமன் வேர்கள் அறுந்து, வெட்டுவாய் ஈரமாக, பச்சைப் பாக்கை நறுக்கிய மாதிரி. அம்மா அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடியில் போட்டுக்கொண்டு போனார். அந்த மரங்கள் அப்பா வைத்தவை.

முதல் தடவை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். 1,300 மணி நேரத்தில் இரண்டாவது தடவை. இப்போது, ஐப்பசி மழையில் களை முழங்கால் உயரம் வந்து நிற்கும்போது, மூன்றாவது தடவை. சீல் கிட் ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் கியர் பெட்டிக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய், அதையும் வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும், கூலியோடு ஒன்பதாயிரம் ஆனது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஆத்தூரில் இல்லை, சேலத்தில் இல்லை, "கோயம்புத்தூர்ல இருந்து வரணும்ங்க" என்று பதினாறு நாள். உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் வளையம். அந்தப் பதினாறு நாளும் காலையில் போன் பண்ணினேன், ஒவ்வொரு நாளும் "நாளைக்கு வந்துடும்" என்றுதான் பதில். கடைசியில் வாடகைக்குப் பவர் டில்லர் பிடித்து ஓட்டினேன், எதை விட்டுத் தப்பிக்க டிராக்டர் வாங்கினேனோ அதையே.

என் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முதல் ஒரு வருடம், இரவில் ரோட்டவேட்டரைத் தரையில் இறக்காமல் தூக்கியபடியே நிறுத்தி வைத்தேன். அப்படி வைத்தால் இரவெல்லாம் அந்தச் சீல்தான் பாரத்தைத் தாங்குகிறது. மெக்கானிக் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது, டெலிவரி கொடுத்த அன்று ஒருவரும் சொல்லவில்லை. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, படம் பிடித்து அனுப்பினார்களே தவிர இந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. இன்னொன்றும் அவர்தான் சொன்னார்: ரோட்டவேட்டரின் இரண்டு பக்கமும் இருக்கிற சறுக்குப் பட்டையைக் கீழே இறக்கிப் போல்ட் போட்டுவிட்டால், லிஃப்ட் இறங்கினாலும் கத்தி அந்த ஆழத்துக்கு மேல் போகாது. இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், வேர் அறுவது நின்றுவிட்டது. ஆனால் திரும்பும்போது தூக்கினால் அதே 'டொக்'.

சரி, மாப்ளே, உனக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, வரி சேராத விலை ஐந்து லட்சம் என்றால் 35,000 மிச்சம். டிராக்டர் டயருக்கும் உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதம் இருந்ததும் 5 ஆகியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் கடையில் இல்லாத பாகத்துக்கு வரி எவ்வளவு குறைந்து என்ன. ஷோரூமுக்குப் போகும் முன்னால் அவர்களுடைய ஸ்பேர் கவுண்டருக்குப் போ. லிஃப்ட் சீல் கிட், முன் ஆக்சில் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல். கையில் எடுத்துக் காட்டுகிற கடையில் வாங்கு. அப்புறம் டெமோவுக்கு வருகிற வண்டியில் ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கி, என்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு உயரத்தைக் குறித்து வை. டீ குடித்துவிட்டு வந்து பார்.

என் வண்டியை எடுக்காதே. மேலே அவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பாய், அந்தப் பதினாறு நாள் உனக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நான் விற்பேனா என்றால், விற்க மாட்டேன், உன் அக்காவும் விட மாட்டாள்.

சீல் மாற்றி இன்றோடு மூன்று நாள். நேற்று சாயங்காலம் சோதிப்பதற்காக மட்டும் தூக்கி நிறுத்தி, கொட்டகைச் சுவரில் செங்கல் துண்டால் கோடு போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. அண்ணனிடம் கேட்டால் அந்த அளவு எல்லா வண்டியிலும் இறங்கும் என்கிறார். இருக்கலாம். நாளைக்கும் கோடு போட்டுப் பார்க்கிறேன்.